அறுப்புக் கல்லுக்கு முழு முகவரி

ஓட்டாரு, அக்டோபர் 3, 1973

தொகுஜிரோ மாமாவுக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல.

விவாகரத்துத் தாளைக் கியோநொபு மூன்றாவது தடவையாகக் கிழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் முத்திரை குத்தாதவரை நான் நிஷிகோரி வீட்டு மருமகள்தான். நான் இங்கே வடகோடியில் மீன் தொழிற்சாலையில் செதில் சீவிக்கொண்டிருந்தாலும் பதிவேட்டில் என் பெயர் அவர்கள் பெயருக்குக் கீழேதான் இருக்கிறது. இந்தத் தடவை கிழிந்த தாளோடு மாமியார் ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார்: “எங்கே வேண்டுமானாலும் போ. செத்தால் எங்கள் கல்லறைக்குத்தான் வரவேண்டும். என் சாம்பலுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.”

உயிரோடு மூன்று வருஷம் அவள் பக்கத்தில் இருந்தேன். செத்த பிறகும் இருக்க என்னால் முடியாது.

இந்த முடிச்சைப் போட்டவர் நீங்கள். நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தது நீங்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் உங்கள் நாக்கை நம்பியிருக்கமாட்டாள். உங்கள் தெருக்கோடியில் பந்தங்களை அறுக்கும் அறுப்புக் கல் கோயில் இருக்கிறது. அங்கே போங்கள். வேண்டுதல் பலகை எழுதி மாட்டுங்கள். கல்லின் ஓட்டையில் முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வாருங்கள். போட்டவர்தான் அவிழ்க்க வேண்டும்.

மிசாவோ


கியோட்டோ, அக்டோபர் 11, 1973

என் அக்கா மகளே, கண்ணே மிசாவோ,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது நான் ஒரு வாடிக்கையாளருக்குப் பாதித் தாடைதான் மழித்திருந்தேன். மீதித் தாடையை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். அந்த ஆள் இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். உன் மாமன் அப்படிப்பட்டவன்.

அன்றைக்குக் கோயிலில் கூட்டம் என்றால் கூட்டம். தோரி வாசலில் ஆரம்பித்த வரிசை ஆற்றுப்பாலம் தாண்டி நின்றது. என்னைப் பார்த்ததும் எல்லாரும் வழிவிட்டார்கள். “இவரு ஏதோ பெரிய பந்தத்தை அறுக்க வந்திருக்காரு” என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. பலகை விற்கும் பெண்ணிடம் கேட்டேன்:

“அம்மாடி, இதைவிடப் பெருசு இருக்கா? கதவு அளவுக்கு?”

“எல்லாம் ஒரே அளவுதாங்க ஐயா.”

“அப்ப ரெண்டு பக்கமும் எழுதுவேன்.”

“பின்பக்கம் சாமி குதிரை படம் இருக்குங்களே.”

“குதிரைக்கு நாலு காலு, நடுவுல நிறைய இடம் இருக்கு. அங்க எழுதுறேன்.”

எழுதினேன் பார், என் எழுத்தைப் பார்த்துப் பூசாரியே அசந்துபோனார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். கியோநொபுவின் முழுப் பெயர், பிறந்த வருஷம், தெரு, வீட்டு எண், கடைப் பலகையின் நிறம் எல்லாம் எழுதினேன். முகவரி ரொம்ப முக்கியம். போன வருஷம் ஒருத்தி “என் மேலதிகாரி ஒழியட்டும்” என்று மட்டும் எழுதிவிட்டுப் போனாளாம். சாமி எந்த மேலதிகாரி என்று குழம்பி, எங்கள் தபால் நிலைய அதிகாரியை மாடிப்படியில் உருட்டிவிட்டது. பாவம், எறும்பைக்கூட மிதிக்காத மனுஷர். இன்னும் கட்டைக் காலோடு நடக்கிறார்.

பிறகு கல். நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். மேலே ஒட்டின வெள்ளைச் சீட்டெல்லாம் சேர்ந்து, சடை வளர்ந்த பெரிய மிருகம் குந்தியிருப்பதுபோல் இருக்கும். அதன் வயிற்றில் ஓட்டை. விலாங்கு மீன்போல வழுக்கிக்கொண்டு போனேன். உள்ளே நான் போனபோது கல் உறுமியது! சத்தியமாக. வெளியே வந்ததும் கூட்டம் கைதட்டியது. இனி எண்ணி ஒரு மாதம். அவன் முத்திரை தானாகவே குதித்து வந்து தாளில் விழும்.

குளிருக்கு இரட்டைக் காலுறை போட்டுக்கொள்.

உன் மாமன் தொகுஜிரோ


ஓட்டாரு, அக்டோபர் 20

மாமாவுக்கு,

கோயிலுக்கு எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஓட்சுனே அக்காவை மறந்துவிட்டீர்களா? அவளும் எழுதினாள்.

அன்றைக்குக் கூட்டம் ஆறு பேர். நீங்கள் ஓட்டையில் பாதியில் மாட்டிக்கொண்டீர்கள். கால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லி இழுத்தார்கள். போன வழியாகவே வந்தீர்கள். ஒரு பந்தமும் அறவில்லை. உறுமியது கல் அல்ல.

பலகையில் எழுதியதையும் அவள் படித்திருக்கிறாள். கியோநொபுவுக்கு மூன்று வைப்பாட்டிகளாம். முள்ளங்கிப் பீப்பாய்க்குள் செத்த பூனையாம். அவன் பல்லெல்லாம் கட்டைப் பல்லாம். மாமியார் தன் ஊறுகாய்க் கடைக்கு வருகிறவர்களைக் கூட்டிப் போய்க் காட்டுகிறாளாம். “பாருங்க, எங்க சம்பந்தி வீட்டு மூளை எப்படி வேலை செய்யுதுன்னு!” எல்லாரும் சிரிக்கிறார்கள்.

பொய்யைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும் மாமா. பொய்யில்தான் அவளுடைய வீடே நிற்கிறது. அவள் பயப்படுவது உண்மைக்கு மட்டும்தான்.

ஆகவே வேறு பலகை எழுதுங்கள். பெண் பேசிய அன்று நீங்கள் சொன்ன மூன்றையும் எழுதுங்கள். மாப்பிள்ளை மதுவையே தொடமாட்டார் என்றீர்கள். மாமியார் தங்கம் என்றீர்கள். முதல் மனைவி சாயோ நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றீர்கள். சாயோ சாகவில்லை என்று உங்களுக்கு அன்றே தெரியும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நீங்கள் மூன்றுதான் சொன்னீர்கள். அதுவே போதுமாக இருந்தது.

கீழே உங்கள் பெயர். உங்கள் முகவரி. முன்வரிசையில், கண்ணுக்கு நேராக மாட்ட வேண்டும்.

மிசாவோ


கியோட்டோ, அக்டோபர் 29

மிசாவோ,

அந்த ஓட்சுனேவின் நூடுல்ஸ் குழம்பில் இனி நான் உப்புகூடப் பார்க்கமாட்டேன். இரண்டு பெண்கள் இல்லை, ஒருத்திதான். அவள் இழுக்கவில்லை, நான் கேட்டுக்கொண்டதால் லேசாக உதவினாள்.

நீ கேட்பது நடக்கிற காரியமா? உன் மாமியார் தொமியே அம்மா கோயில் மகளிர் சபைக்குத் தலைவி. பெரியவர்கள் அத்தனை பேரும் என் நாற்காலியில் தலையைக் கொடுக்கிறவர்கள். “நான் பொய்யன்” என்று நானே எழுதி மாட்டினால், நாளைக்கு என் கத்திக்குக் கீழே கழுத்தை நீட்ட எவன் வருவான்? சவரக்காரனுக்கு நம்பிக்கைதான் முதல். கத்தி அப்புறம்.

ஆனால் பழி வாங்காமல் விட்டேன் என்று நினைக்காதே. கேள்.

போன செவ்வாய்க்கிழமை கியோநொபுவே கடைக்கு வந்தான். கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தான்.

“என்ன மாமா, உங்க பலகை பிரமாதம். பூனை எனக்கு ரொம்பப் பிடிச்சுது.”

“முகம் ஆடாம இருங்க மாப்பிள்ளை.”

“அவ எங்க ஓடிப்போயிருந்தா என்ன? கயிறு என் கையிலதான் இருக்கு. இழுக்கவும் மாட்டேன், அவுக்கவும் மாட்டேன். அப்படியே கிடக்கட்டும்.”

சுடுதுண்டை எடுத்து முகத்தில் போட்டேன். துண்டை எடுத்தபோது அவனுடைய இடது புருவம் துண்டோடு சேர்ந்து போய்விட்டிருந்தது. முழுசாக. முட்டை ஓடு மாதிரி வழவழவென்று!

“ஐயோ, கை நழுவிடுச்சு மாப்பிள்ளை. வலது பக்கத்தையும் எடுத்துச் சரி பண்ணிரவா?”

அவன் கத்திய கத்தலில் தெரு நாய்களெல்லாம் ஊளையிட்டன. இதைவிடப் பெரிய பழி சாமியாலும் வாங்க முடியாது. போதும் கண்ணே. மனசை ஆற்றிக்கொள்.

மாமன்


ஓட்டாரு, நவம்பர் 5

மாமாவுக்கு,

புருவம் ஆறு வாரத்தில் முளைத்துவிடும். அதுவும் நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால்.

என் இடது சுண்டு விரல் மடங்காது. இது உங்களுக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது, நீங்கள் கேட்கவில்லை.

ஜனவரி மாதம். கொல்லையில் முள்ளங்கிப் பீப்பாய்களின் மேல் வைக்கிற கற்களை இடம் மாற்றச் சொன்னாள் மாமியார். கல் ஒவ்வொன்றும் ஒரு வளர்ந்த குழந்தையின் கனம். உப்புத் தண்ணீர் உறைந்து வழுக்கியது. கல் நழுவி விரல்மேல் விழுந்தது. கியோநொபு அதைத் தூக்கவில்லை. முந்தின நாள் குடித்தது தெளியாமல் படியில் உட்கார்ந்திருந்தார். மாமியார் சொன்னாள்: “முதல்ல பீப்பாய்க்குள்ள இரத்தம் விழுந்துச்சான்னு பாரு.”

அன்று மதியம் நீங்கள் வந்தீர்கள். வருஷா வருஷம் அவர்கள் உங்களுக்குக் கொடுக்கிற ஊறுகாய்ப் பீப்பாயை வாங்கிப் போக. என் கையில் துணிக்கட்டைப் பார்த்தீர்கள். இரத்தம் ஊறியிருந்தது. “சின்ன வயசு, ஆறிரும்” என்றீர்கள். பீப்பாயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலில் மூன்று தடவை குனிந்து வணங்கிவிட்டுப் போனீர்கள்.

அந்தப் பீப்பாய் எதற்கான கூலி என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சாப்பிட நன்றாக இருந்ததா?

பலகை எழுதினால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.

மிசாவோ


கியோட்டோ, நவம்பர் 17

மிசாவோ,

ஒரு வாரம் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. கடையில் மூன்று பேரைக் கீறிவிட்டேன்.

நன்றாக இருந்தது. நீ கேட்டாய், சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று முன்தினம், பதினைந்தாம் தேதி போனேன். வேண்டுமென்றே அந்த நாளைத்தான் பிடித்தேன். மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைப் பட்டு உடுத்திக் கோயிலுக்குக் கூட்டி வருகிற நாள். ஊர் முழுக்க அங்கே இருக்கும். கக்கூஸ் காகிதம் தீர்ந்துபோகும் என்று நாடே கடை கடையாக வரிசையில் நிற்கிற இந்த நேரத்திலும் அன்றைக்கு அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பத்தாயிரம் பேர் என்று எழுத வந்தேன். இருநூறு இருக்கும்.

பலகை மூன்று வாங்கினேன். ஒன்றில் மட்டும் எழுதினேன். எழுதியதை அப்படியே தருகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை:

“நான் சவரக்காரன் தொகுஜிரோ. அக்கா மகள் மிசாவோவை நிஷிகோரி வீட்டுக்குப் பேசி முடித்தவன். மாப்பிள்ளை குடிக்கமாட்டான் என்றேன். குடிப்பான், குடித்தால் அடிப்பான் என்று எனக்குத் தெரியும். மாமியார் தங்கம் என்றேன். இல்லை என்று தெரியும். முதல் மனைவி சாயோ செத்துவிட்டாள் என்றேன். அவள் தோள் எலும்பு முறிந்து ஓடிப்போனாள், உயிரோடு இருக்கிறாள். இப்படிச் சொல்லச் சொன்னது தொமியே அம்மா. சொன்னதற்கு வருஷம் ஒரு பீப்பாய் ஊறுகாய் வாங்கித் தின்றேன். மிசாவோவை அந்த வீட்டிலிருந்து அறுத்து விடு.”

கீழே என் பெயர், தெரு, வீட்டு எண்.

சாயோ எங்கே இருக்கிறாள் என்று எழுதவில்லை. அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

முன்வரிசையில் மாட்டினேன். கயிறு இரண்டு தடவை நழுவியது. தேநீர்க் கடைக் கிழவி ஓஹாமா முதல் ஆளாக வந்து மூக்கை வைத்துப் படித்தாள். வாய்விட்டுப் படிப்பவள். அவள் பாதி படிக்கும்போதே பின்னால் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அப்போதுதான் கருப்புப் பட்டில் தொமியே அம்மா வந்தாள். படித்தாள். முகம் ஊறுகாய்க் கல் மாதிரி ஆனது.

“சவரக்காரரே, இது என்ன விளையாட்டு? முதல்ல எழுதினது சிரிப்பா இருந்துச்சு. இது சிரிப்பா இல்லையே.”

“சிரிக்க எழுதலைங்க. எழுத்து தெளிவாத் தெரியுதா? கண்ணாடி வேணுமா?”

ஓஹாமா கிழவி குறுக்கே வந்தாள். “ஏண்டி தொமியே, சாயோ உயிரோட இருக்காளா?”

“இவன் பேச்சை நம்பி...”

“எட்டு வருஷமா உன் வீட்டுக்கு வந்து அவ படத்துக்கு ஊதுபத்தி வெச்சுட்டுப் போறேனே! முட்டி வலியோட மண்டி போட்டேனே! அப்ப நான் யாருக்குடி அழுதேன்?”

யாரோ ஒருவர் சிரித்தார். ஆனால் இந்தத் தடவை சிரிப்பு திசை மாறி அடித்தது. தொமியே அம்மா பூசாரியைக் கூப்பிட்டு, “இதைக் கழட்டுங்க” என்றாள். பூசாரி தலையைச் சொறிந்தார்.

“மாட்டினது மாட்டினதுதாம்மா. நெருப்புதான் எடுக்கணும். பிப்ரவரி மூணாம் தேதி எல்லாத்தையும் எரிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது.”

அப்போது நான் பையிலிருந்து மீதி இரண்டு பலகைகளையும் எடுத்துக் காட்டினேன்.

“இது காலியா இருக்குங்க. ஒண்ணு என் அக்கா பொண்ணு விரலுக்கு. இன்னொண்ணு நீங்க அனுப்பின கல்லறைச் சீட்டுக்கு. நாளைக்குக் காலையில கடை திறக்கிற வரைக்கும் இதுல எழுதமாட்டேன். அதுக்குள்ள உங்க மகன் முத்திரையைத் தேடி எடுக்கட்டும்.”

அவள் திரும்பி நடந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. மரியாதைக்காக இல்லை.

பிறகு நான் கல்லுக்குப் போனேன். போன தடவை மாட்டிக்கொண்டது உண்மை. இரண்டு பெண்கள்தான். இந்தத் தடவை மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். தோள் தோல் உரிந்தது, முழங்கை கிழிந்தது, ஆனால் பின்பக்கம் வந்தேன். யாரும் கைதட்டவில்லை. ஓட்சுனே மட்டும் எதிரே நின்று இடுப்பில் கட்டிய துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை ஏழு மணிக்குக் கியோநொபு வந்தான். ஒற்றைப் புருவத்தோடு! (ஓட்சுனேயைக் கேட்டுப் பார், இதில் பொய் இல்லை.) தாளை நாற்காலிமேல் எறிந்தான். முத்திரை சிவப்பாக, ஈரம் காயாமல் இருந்தது.

“இப்ப திருப்தியா?”

“இன்னும் இல்ல. ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். ஒண்ணு நான். இன்னொண்ணு உங்க அம்மா.”

“அம்மாவா? உங்களுக்குப் பைத்தியமா?”

“பலகை காலியாத்தான் இருக்கு மாப்பிள்ளை.”

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். இணைத்திருக்கிறேன், பார். இரண்டாவது சாட்சியின் கையெழுத்து எவ்வளவு அழுத்தம் என்றால் தாளின் பின்பக்கம் விரலால் தடவிப் படிக்கலாம். உன்னைத் தன் கல்லறையில் வைத்திருக்க நினைத்தவள் தன் கையாலேயே உன்னை வெளியே அனுப்பியிருக்கிறாள். இதைவிட இனிப்பான ஒன்றை நான் என் வாழ்நாளில் தின்றதில்லை.

கடைக்கு இரண்டு நாளாக மூன்றே பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

தொகுஜிரோ


ஓட்டாரு, நவம்பர் 30

மாமாவுக்கு,

இங்கே நகராட்சியில் தாளைக் கொடுத்தேன். வாங்கிய ஆள் சாட்சிப் பெயர்களைப் பார்த்தான்.

“இந்த ரெண்டாவது சாட்சி... மாமியாருங்களா?”

“ஆமாம்.”

“இப்படி நான் பார்த்ததே இல்லைங்க.”

“நானும்தான்.”

இப்போது நான் மறுபடியும் அம்மாவின் குடும்பப் பெயரில் இருக்கிறேன். தொழிற்சாலை அட்டையிலும் மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு முழுநாளும் செதில் சீவும்போது சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் நிற்பவள் சொன்னாள். மாமியார் சீட்டை அடுப்பில் போட்டேன். எரிவதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன்.

அவர்களுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. இன்னும் ஒருவர் பாக்கி.

உங்களுக்கு முதல் கடிதம் எழுதும் முன்பே, செப்டம்பரில், ஓட்சுனே அக்கா மூலமாக ஒரு பலகை மாட்டினேன். மூன்றாம் வரிசை, கிணற்றுப் பக்கம், இடமிருந்து எட்டாவது. அதில் எழுதியது ஒரே வரி: “என் மாமாவுக்கும் எனக்கும் உள்ள பந்தம் அறட்டும்.”

நீங்கள் இப்போது செய்ததற்காக அதை எடுத்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். எடுக்கவும் முடியாது. நெருப்புதான் எடுக்க வேண்டும். அன்று என் கையில் அந்தத் துணிக்கட்டு இரத்தத்தில் நனைந்திருந்ததை நான் மறக்கவில்லை. பிப்ரவரி மூன்றுவரை அது அங்கேயே தொங்கட்டும். பிறகு என்ன என்று எனக்கே தெரியாது.

மிசாவோ


கியோட்டோ, டிசம்பர் 9

அக்கா மகளே,

போய்ப் பார்த்தேன். இடமிருந்து எட்டு இல்லை, ஒன்பது. நடுவில் யாரோ ஒருத்தி மாமனார் தொலைய ஒன்று மாட்டியிருக்கிறாள்.

படித்தேன். அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன் என்று எழுதலாம். மூன்று நாள், மூன்று இரவு, கொட்டும் பனியில் நின்றேன் என்றும் எழுதலாம். ஓட்சுனே கூப்பிட்டு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொடுக்கும்வரை நின்றேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் மிசாவோ, நீ ஒரு தப்புச் செய்துவிட்டாய். “என் மாமா” என்று மட்டும் எழுதியிருக்கிறாய். இந்த ஊரில் எத்தனை மாமா? தபால் நிலைய அதிகாரியே இரண்டு பெண்களுக்கு மாமா. அந்த மனுஷருக்கு இருப்பது ஒரே நல்ல கால். உன் கோபம் போய் அவர்மேல் விழுந்தால் பாவம் யாரைச் சேரும்?

பூசாரியிடம் கேட்டேன். “கழட்டத்தான் கூடாது, மேல எழுதக் கூடாதுன்னு சட்டம் இல்லை” என்றார். பேனா வாங்கி, உன் வரிக்குக் கீழே நானே சேர்த்துவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை:

“மேற்படி மாமா, தொகுஜிரோ, வயது ஐம்பத்தெட்டு. இதே தெரு, கோயிலிலிருந்து நாலாவது கடை, நீலக் கதவு. பூட்டு இல்லை. ஆள் உள்ளேதான் இருப்பான்.”

தொகுஜிரோ